யூ.என். மூலமாக நாடு திரும்பலாமா? முகாமில் இருக்கும் எங்கள் ஆக்களுக்கு

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இன்னும் இருக்கிற எங்கள் இலங்கை ஆக்கள் போன் எடுத்தால், சுகம் விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "யூ.என். மூலமாக வந்தால் என்னதான் செய்து தருவார்கள்? நம்பி வரலாமா?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நாங்கள் 1990இல் பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தவர்கள். 2011இல், யூ.என். என்று நாங்கள் சொல்லும் ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். ஏற்பாட்டில் திரும்பி வந்து, மன்னாரில் அடம்பன் பக்கம் எங்கள் பழைய காணியிலேயே குடியிருக்கிறோம்.

இலவசமாகக் கிடைப்பதை எடை போடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு குடும்பம் தன் மிச்சக் காலத்தையே ஒப்படைக்கிற சேவை இது. காசு கொடுத்து வாங்கும் சாமானை விட இதைத்தான் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும்.

நான் முழு மனதோடு பாராட்டுவது, புறப்படுவதற்கு முன்னால் அவர்கள் கேட்கிற கேள்வியை. சென்னையில் என்னையும் கணவரையும் தனித்தனியே இருத்திக் கதைத்தார்கள். யாராவது போகச் சொன்னார்களா? முகாமில் ஏதும் நெருக்குதலா? ஊரில் காணி இருக்கிறதா, யார் இருக்கிறார்கள்? கடைசி நேரத்தில் மனம் மாறினாலும் பரவாயில்லை என்று சொன்னார்கள். இது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, 1992இல் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, மனம் ஒப்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஆரம்பத்தில் வெளியாள் எவரும் இல்லை. அந்த வருடம்தான் யூ.என்.எச்.சி.ஆர். சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கத் தொடங்கியது. 1995 வரையில் 54,000 பேருக்கு மேல் போனார்கள். என் சின்னம்மா குடும்பமும் அதில் போனது. 1995இல் சண்டை திரும்பவும் வெடித்தது. அடுத்த வருடம் அவர்கள் மறுபடி வள்ளத்தில் வந்து மண்டபத்தில் இறங்கினார்கள். அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து "நீங்களாகத்தான் போகிறீர்களா" என்று ஒருவர் கேட்பதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய காவல்.

அடுத்தது பத்திரங்கள். இந்தச் சேவையின் உயிர் இதில்தான் இருக்கிறது. விமான ரிக்கற்றில் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. எங்கள் பிள்ளைகள் திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இலங்கைப் பிரஜையாகவும் பதியாவிட்டால் இந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. முகாமில் எத்தனையோ பிள்ளைகள் அப்படியே வளர்ந்து கலியாணமும் கட்டிவிட்டார்கள். இந்த வேலையில் எங்களுக்குக் கை கொடுத்தது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கியது. அதில் வேலை செய்தவர்களும் எங்களைப் போல அகதிகள்தான். எந்தப் படிவத்தில் ஊர்ப் பெயரை எப்படி எழுத வேண்டும், திருமணப் பதிவு இல்லாத அம்மா அப்பாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

இழுபட்டது இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதிதான். ஓர் அலுவலகத்தில் மகளின் பெயரில் ஓர் எழுத்து மாறிப் போக, முழுக் கட்டும் திரும்பி வந்தது. முகாமில் காசும் அரிசியும் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தோடு இருக்கிறவர்களுக்கு இந்தத் தாமதம் சின்னத் தொல்லை இல்லை. நாங்கள் வந்த வருடம்தான் குடும்பத் தலைவருக்கான மாதக் கொடுப்பனவு 400 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாகக் கூடியிருந்தது. பலருக்கு அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அதையும் பிழை என்று சொல்ல மாட்டேன்.

விமானப் பயணத்தில் சொல்லக் குறை ஒன்றுமில்லை. சாமான் கொண்டு வருவதுதான் கஷ்டம். என் தையல் மெசினை விற்றுவிட்டுத்தான் ஏறினேன். இங்கே வந்து வாங்க அதைப் போல இரண்டு மடங்கு காசு போனது. 2011 ஒக்ரோபரில் ஒரு சிறு குழுவைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் அனுப்பினார்கள். சாமான் கூடக் கொண்டு போகலாம் என்பதால் எல்லோரும் கப்பலுக்கு ஆசைப்பட்டோம், ஆனால் அந்தக் கப்பல் சேவை கொஞ்ச நாளில் நின்றுபோனது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியிருக்கிறது. திரும்புகிறவர்களை அதில் ஏற்ற ஒரு வழி செய்தால், ஒரு வீட்டின் சட்டி பானை முழுதும் வந்து சேரும்.

வந்து இறங்கியதும் போக்குவரத்துக்கு ஒரு தொகை, குடியமர ஒரு தொகை. சிறு தொகைதான். முதல் மாதத்துக்குக் காணும், காணி துப்புரவாக்கக் காணாது. இருபது வருடப் பற்றை. கிணற்றுக்குள் ஆலமரம் வேர் விட்டிருந்தது. அதற்கும் முன்னால் மிதிவெடிப் பிரச்சினை. மன்னாரில் மாக் நிறுவனத்தின் ஆட்கள் வெடி அகற்றினார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்ற பக்கம் விறகுக்கும் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். திரும்பி வருகிறவர்கள் கிராம சேவகரான ஜி.எஸ்.ஸிடம் முதலில் கேட்க வேண்டியது வீட்டுத் திட்டம் பற்றி இல்லை. உங்கள் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்பதைத்தான்.

யூ.என். கொடுத்த பொருட்களில் தறப்பாளைப் (தார்ப்பாயை) பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு கட்டும் வரைக்கும் அதுதான் வீடு. நாலு மீற்றருக்கு ஐந்து மீற்றர். இரண்டு பக்கமும் வெள்ளை. வெட்டின ஓரத்தை விரித்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு இழையால் நெய்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் பூசியிருப்பது தெரியும். அந்தக் கறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது: உள்ளே விளக்கு எரிந்தாலும் ஆளின் நிழல் வெளியே தெரியாது. குமர்ப் பிள்ளையோடு பற்றைக்கு நடுவில் கொட்டில் போட்டு இருந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கின நீலத் தறப்பாளில் இரவில் உடுப்பு மாற்றுவதென்றால் விளக்கை நூர்க்க வேண்டும். இதை யோசித்துச் செய்தவர் யாரோ, அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

ஓரத்துப் பட்டி தடிப்பானது, வளையம் பதித்த துளைகளும் உண்டு. அந்தத் துளையில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினவர்களின் தறப்பாள் சோளகக் காற்றுக்கும் நின்றது. தடியோடு சேர்த்து நேரே ஆணி அடித்தவர்களுக்கு முதல் காற்றிலேயே கிழிந்தது. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. வெயிலுக்குத்தான் கூடாது. மத்தியானம் உள்ளே ஒரு மனுசர் இருக்க ஏலாது. நாங்கள் கீழே கிடுகு வேய்ந்து, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினோம். நடுவில் கொஞ்சம் காற்று போக இடம் விட்டதும் சூடு இறங்கியது. வெயிலில் இரண்டு வருடத்துக்குள் பூச்சு பொடி பொடியாக உதிரத் தொடங்கும். உதிராத துண்டுகளை வெட்டி நெல் காயப்போட வைத்திருந்தோம். பாய், நுளம்பு வலை, சமையல் பாத்திரம் எல்லாம் நல்ல பாவனைச் சாமான்தான். மண்வெட்டியின் பிடி மட்டும் எங்கள் இறுகின மண்ணுக்கு நிற்கவில்லை. முதிரைக் கம்பில் புதிதாகப் பிடி போட்டோம்.

வீடு யூ.என். தருவதில்லை. அதைக் கலந்து குழப்பிக்கொள்ளாமல் வாருங்கள். எங்கள் பக்கம் கட்டப்பட்டது இந்திய அரசின் வீட்டுத் திட்டம். மொத்தம் 50,000 வீடு. 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கிய கட்டத்தில், வீட்டுக்காரரே கட்டும் முறை. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் விழும். எனக்கு இந்த முறையே பிடித்தது. குசினி எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று நாங்கள் முடிவு செய்தோம், கொந்தராத்துக்காரன் இல்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டத் தொடங்க, மண்ணும் கல்லும் விலை ஏறின, மேசனுக்கு அலைய வேண்டியதாயிற்று. கூரை மட்டத்தில் எங்களுக்குக் காசு முடிந்து, என் சங்கிலி அடைவுக்குப் போனது. பட்டியலில் பெயர் வருவது புள்ளிக் கணக்கில். பட்டியல் போட்ட பிறகு இந்தியாவிலிருந்து வந்து இறங்கின குடும்பங்கள் பிந்திவிட்டன. ஓர் அலுவலகத்தில் "நீங்கள் போன வருடம்தானே வந்தீர்கள்" என்றார்கள். நாங்கள் போனதே குண்டுக்குப் பயந்துதான் என்பதை அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. முள்ளிவாய்க்கால் வழியாக வந்தவர்களுக்கும் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் இடையே இப்படி ஒரு கோடு கிழிக்கக் கூடாது. வந்த பிறகு இரண்டு மூன்று வருடத்துக்காவது திரும்பி வந்தோருக்கென்று பிரதேச செயலகத்தில் ஒரு மேசை வேண்டும். இந்த ஏற்பாட்டில் இல்லாத பெரிய பகுதி அதுதான். 2022இல் சாமான் விலை ஏறி, பெற்றோலும் பால்மாவும் இல்லாமல் போனபோது, மன்னார்க் கரையிலிருந்து திரும்பவும் குடும்பங்கள் தனுஷ்கோடிக்கு வள்ளம் ஏறின.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். மகள் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு எழுதியவள். அந்தச் சான்றிதழை இங்கே சமப்படுத்த எடுத்த பாடு பெரிய பாடு. மகன் சின்னவன் என்பதால் சாதாரண தரப் பாடத்திட்டத்துக்குள் சேர்ந்துகொண்டான். பிள்ளை பொதுப் பரீட்சைக்கு முந்தைய வருடத்தில் இருந்தால், அதை எழுதி முடித்த பிறகு புறப்படுங்கள்.

இப்போது வருவதைப் பற்றி. 2025 மே மாதம், யூ.என். பத்திரங்களோடு வந்த வயதான ஐயா ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம், அது குற்றமாம். அந்தக் காலத்தில் பேசாலையிலோ வல்வெட்டித்துறையிலோ வள்ளம் ஏறின எங்களில் யாரிடம் கடவுச்சீட்டு இருந்தது? கேள்விப்பட்ட நாளில் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நாங்கள் வந்தபோது விமான நிலையத்தில் கேள்வி கேட்டார்கள், பதிந்தார்கள், விட்டார்கள். யுத்தத்துக்குத் தப்பி ஓடினவர் திரும்பி வரும்போது குடிவரவுச் சட்டம் அவர் மேல் பாயாது என்று அரசாங்கம் எழுத்தில் தர வேண்டும். வாய்ச் சொல் போதாது.

ஆகவே, இன்றைக்கு என்னைக் கேட்டால், எங்கள் காலத்தில் இந்தச் சேவை நம்பி ஏறக் கூடியதாக இருந்தது, பத்திர வேலைக்கும் பயணத்துக்கும் இப்போதும் இதை விட வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். கைது விசயத்தில் தெளிவான பதில் கிடைக்கும் வரை திகதி மட்டும் போடாதீர்கள். அதுவரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் குடியுரிமைப் பதிவையும் இப்போதே தொடங்குங்கள். இருந்தாலும் போனாலும் அது வேண்டும். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் ஒரு பிரதியை ஊரில் இருக்கிற சொந்தத்துக்கு அனுப்பி, காணியில் யார் செய்கை பண்ணுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மூலப் பத்திரத்தைப் பொதியில் போட்டு விடாதீர்கள், கையிலேயே கொண்டு வாருங்கள்.