ரோட்டோருவாவில் எங்கே தங்கலாம்: கீசர் பக்கமா, ஏரிக்கரையா?

நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் அறை எடுப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஊரின் தெற்கு ஓரத்தில், கீசர்கள் (தரையிலிருந்து பீய்ச்சியடிக்கும் இயற்கை வெந்நீர் ஊற்றுகள்) உள்ள வகாரெவாரெவா வெந்நீர்ப் பள்ளத்தாக்கை ஒட்டிய நவீன ஹோட்டல். மற்றது, ஊர் நடுவே ஏரிக்கரையில். இடைவெளி சுமார் 3 கி.மீ.தான்.

முதலில் வாடை. அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பயந்து ஏரிக்கரைக்கு ஓடாதீர்கள், அங்கேயும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான். வெள்ளிக் கொலுசு, மோதிரம் இரண்டு இடத்திலும் கறுக்கும்.

கீசர் பக்கத்தின் பலம், போஹுட்டு. 30 மீட்டர் உயரம் வரை பீய்ச்சியடிக்கும் வெந்நீர் ஊற்று. குளிர்ந்த காலையில் திரையை விலக்கினால் மரங்களுக்கு மேலே வெள்ளை ஆவி புரள்வது தெரியும். ஒருகாலத்தில் வீடுகளும் ஹோட்டல்களும் ஆழ்துளை போட்டு வெந்நீரை உறிஞ்சியதில் இந்த ஊற்றுகளே சோர்ந்துபோயின. 1986-இல் அரசு தலையிட்டு, போஹுட்டுவைச் சுற்றி 1.5 கி.மீ.க்குள் இருந்த துளைகளை மூடச் சொன்னது. பிறகுதான் ஊற்றுகள் தேறின. ஹோட்டலில் வெந்நீர்க் குளம் இருந்தால், தண்ணீர் பூமியிலிருந்து வருகிறதா, ஹீட்டரிலிருந்தா என்று கேட்டுவிடுங்கள்!

ஏரிக்கரையில் தங்கினால் கார் தேவையில்லை. சாப்பாடு, கடை எல்லாம் நடைதூரம். குய்ராவ் பூங்காவில் சேறு 'பொளக் பொளக்' என்று கொதிப்பதை இலவசமாகப் பார்க்கலாம், கால் நனைக்கத் தொட்டியும் உண்டு.

ஊருக்குத் தெற்கே உள்ள வெந்நீர் ஊற்றுப் பகுதியான வாய்-ஓ-டாபுவுக்கு எப்படியும் வண்டி வேண்டும். அங்கே லேடி நாக்ஸ் கீசரை தினமும் காலை 10.15-க்கு சோப்புப் போட்டுக் கிளப்புவார்கள். தெற்கே தங்கியவர்களுக்கு அது கொஞ்சம் கிட்டே.

கார் இருந்தால் என் ஓட்டு கீசர் பக்கம்தான். இல்லையென்றால் ஏரிக்கரை.