மஞ்சளுக்கு ஒரு மைக்ரோவேவ்: ஓராண்டு பயன்படுத்திய அனுபவம்

பார்மசி கல்லூரியில் பார்மகாக்னசி, அதாவது மூலிகை மருந்தியல் பாடம் நடத்துகிறேன். 16 ஆண்டுகளாக மூலிகைச் சாறு எடுக்க எங்களுக்கு சாக்ஸ்லெட்தான். 1879இல் பாலின் கொழுப்பை அளக்க ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் அறிமுகப்படுத்திய கண்ணாடிக் கருவி அது. இன்றைக்கும் நம்பி வேலை கொடுக்கலாம். ஆனால் காலை 9 மணிக்கு ஏற்றினால் மாலை வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோடையில் மதியம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்கும் கண்டன்சர் சூடாகி, கரைப்பானான எத்தனால் முழுக்க ஆவியாகிவிடும். அன்றைய வேலை போச்சு.

போன ஆண்டு மைக்ரோவேவ் எக்ஸ்ட்ராக்டர் ஒன்று வாங்கினோம். திறந்த குடுவை வகை. குடுவைக்கு மேலே கண்டன்சர், அடியில் கிளறும் காந்தம், சாறுக்குள்ளேயே இறங்கி வெப்பநிலை பார்க்கும் ஃபைபர் ஆப்டிக் கம்பி.

முதலில் ஈரோட்டு மஞ்சள். 5 கிராம் தூளை எத்தனாலில் அரைமணி நேரம் ஊறவைத்து, 70 டிகிரிக்குமேல் போகாதபடி அமைத்து ஓடவிட்டோம். இரண்டாம் நிமிடத்திலேயே குடுவை பொன்னிறத்திலிருந்து ஆரஞ்சுக்குப் போனது. சாக்ஸ்லெட்டில் அந்த நிறம் வர எத்தனை முறை நிரம்பி வடிய வேண்டும் என்று எனக்குத் தெரியும்! 6 நிமிடத்தில் நிறுத்தி, வடிகட்டி, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று 425 நானோமீட்டர் ஒளியில் அளந்தோம். 8 மணி நேரச் சாக்ஸ்லெட் சாறுக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. கரைப்பான் செலவும் பாதிக்கும் கீழே.

ஊறவைப்பதை விட்டுவிடாதீர்கள். 2450 மெகாஹெர்ட்ஸ் அலை சூடாக்குவது தண்ணீர், எத்தனால் போன்ற துருவ மூலக்கூறுகளைத்தான் (ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்தன்மை கொண்டவை). செல்லுக்குள் இருக்கும் ஈரம் சூடாகி, அழுத்தம் ஏறி, சுவர் கிழிந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். காய்ந்த தூளை அப்படியே போட்டால் பலன் குறைகிறது. துருவத் தன்மை இல்லாத ஹெக்சேன் என்ற கரைப்பானில் மட்டும் ஒரு மாணவர் முயன்றார். குடுவை வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. அலை அதன் வழியே சும்மா கடந்து போய்விடும்.

செலவைக் குறைக்க மூன்று பங்கு தண்ணீர், ஒரு பங்கு எத்தனால் என்று கலந்தும் பார்த்தோம். மஞ்சளில் மாவுச்சத்து அதிகம் இல்லையா, குடுவைக்குள் மஞ்சள் கஞ்சி காய்ச்சினது போல ஆகிவிட்டது. வடிதாளில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய மாலையாயிற்று. குர்குமினோ தண்ணீரில் கரைய மறுக்கும். அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

குறை என்றால் சர்வீஸ். ஐந்தாம் மாதத்தில் ஃபைபர் ஆப்டிக் கம்பி முனையில் ஒடிந்தது. விற்ற நிறுவனத்துக்கு மெயில், போன் என்று விடாமல் கேட்டும் மாற்றுக் கம்பி வர ஏழு வாரம் ஆனது. வெப்பநிலை தெரியாமல் ஓட்டுவதில்லை என்று கருவியை மூடியே வைத்திருந்தோம். எம்.ஃபார்ம் மாணவி ஒருவரின் ப்ராஜெக்ட் அதில் தள்ளிப்போனது. அவர் கலங்கி நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. வாங்கும்போதே ஒரு உபரிக் கம்பியையும் ஆர்டரில் எழுதி வாங்கிவிடுங்கள்.

விலையைப் பார்த்து, வீட்டு மைக்ரோவேவ் அவனே போதுமே என்று சில கல்லூரிகளில் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எத்தனால் ஆவி வெளியேற அதில் வழியில்லை. ஒரு பொறி பட்டால் தீதான். அது ஒருபக்கம் இருக்க, பெரும்பாலான வீட்டு அவன்களில் பவரைக் குறைத்தாலும் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் விட்டு விட்டு, முழு வேகத்தில்தான் ஓடும். அதை வைத்து எடுத்த முடிவை இன்னொருவர் திரும்ப எடுத்துக் காட்டவே முடியாது.

கருவி பார்க்கப் போகிறவர்கள் உங்கள் ஊர் மூலிகைத் தூளையே கையோடு கொண்டுபோய், அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் அடுத்து நிலவேம்பு ஏற்றப் போகிறோம். தூள் சலித்துத் தயாராக இருக்கிறது.