உளிக்கலப்பைக்குக் கொழு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"எந்தக் கொழுவைப் போட்டாலும் மண்ணைக் கிளறத்தானே போகிறது, எல்லாம் ஒன்றுதான்." கடைக்காரர் சொன்ன இந்தப் பேச்சை நம்பியதில் எனக்கு ஒரு பருவமே பாழாகிவிட்டது.

கொழு என்பது கலப்பைக் காலின் நுனியில் மாட்டுகிற, மண்ணைக் கீறும் இரும்பு முனை. நான் கேட்டுப் போனது 2 அங்குல அகல நேர்க்கொழு, அதாவது முறுக்கில்லாத நேரான முனை. சரிவான நிலம், சோயா அறுத்த தாள் மேலே கிடக்கிறது, அது மூடாக்காக அப்படியே நிற்க வேண்டும் என்று விளக்கமாகவே சொன்னேன். கையிருப்பில் இல்லை என்று சொல்லாமல், 4 அங்குல முறுக்குக்கொழுவை எடுத்து வைத்து "இதுதான் இப்போது எல்லாரும் வாங்குவது" என்றார்.

முறுக்குக்கொழு மண்ணைப் புரட்டி வீசும். தாளை உள்ளே தள்ளி மூடும். தடித்த மக்காச்சோளத் தட்டையாக இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சோயாத் தாள் நொறுங்கிப்போகிற சாதி, அதில் முறுக்குக்கொழு ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு மேலே தங்கினாலே பெரிது. நேர்க்கொழு கீறிக்கொண்டு போகும், அதைவிடக் கூடுதலாக மிஞ்சும். தாளைக் காப்பதுதான் முதல் நோக்கம் என்றால், ஆழம் குறைவாக ஓட்டும், இரு பக்கமும் சிறகுபோல் விரிந்த அகலச் சிறகுக்கொழுதான் இருப்பதிலேயே நல்லது.

கடைக்காரர் இன்னொன்றும் செய்திருந்தார். முறுக்குக்கொழுவில் மண்ணை இடப்பக்கம் தள்ளுவது, வலப்பக்கம் தள்ளுவது என்று இரண்டு வகை உண்டு. சரிபாதியாகக் கலந்து மாட்ட வேண்டும். எனக்குக் கொடுத்த எட்டும் ஒரே பக்கம். கலப்பை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது, மண் மேடும் பள்ளமுமாகக் குவிந்தது. மாட்டும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சமன்படுத்தி விதைத்த பிறகு, நூறு முடிச்சுப் போட்ட கயிற்றை வரிசைகளுக்குக் குறுக்கே சாய்வாகக் கட்டி, தாள் மேல் பட்ட முடிச்சுகளை எண்ணினேன். 18, அதாவது 18 சதவீதம். விதைப்புக்குப் பிறகு குறைந்தது 30 சதவீதம் தாள் மூடியிருக்க வேண்டும் என்பதுதான், தாளை மேலே விட்டு மண் அரிப்பைக் குறைக்கும் பாதுகாப்பு உழவுக்குப் பொதுவான அளவு. அடுத்து வந்த பெருமழையில் சரிவின் மேல்மண் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அப்புறம் "கடினப்படுத்திய எஃகு" என்ற பேச்சு. பாதி நிலம் முடிவதற்குள் முனை மழுங்கிவிட்டது. ஓர் ஓரத்தில் அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். நன்றாகக் கடினப்படுத்தியதில் அரம் வழுக்கும், இதிலோ சுலபமாக அராவியது. பளபளப்பெல்லாம் வண்ணப்பூச்சு. வாங்கும்போதே கடையில் வைத்து இதைச் செய்துவிடுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பழைய கொழு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி கலப்பைக் காலோடு பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, மண் பட்ட பொருளை எடுக்க மாட்டேன் என்றார் கடைக்காரர். பில்லில் "கொழு 8" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. வகை, அகலம், இடம் வலம் எதுவுமே இல்லாததால் என்னால் வாதாட முடியவில்லை. இப்போது வேறு இடத்தில் நேர்க்கொழு வாங்கி மாட்டியிருக்கிறேன். வகையையும் அகலத்தையும் பில்லில் எழுதிய பிறகுதான் பணத்தை எடுத்தேன்.