கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டைப்பிங் கடை

இந்த டைப்பிங் கடை சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிக் காணாமல் போன விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானத்தின் விசாரணை அறிக்கை கேட்டு, தகவல் உரிமை மனு அடிக்கப் போனேன். (அந்த வகை விமானத்தின் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் தெரிந்ததாக 2024 ஜனவரியில்தான் பாதுகாப்பு அமைச்சகம் வாயைத் திறந்தது.)

“ஏன் விழுந்ததுன்னு கேட்காதீங்க சார், ஆவண நகல் கேளுங்க” என்று டைப் அடிக்கும் அக்கா திருத்தினார். நாட்டுப் பாதுகாப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்கலாம் என்பதால், ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்லும் 10-ஆம் பிரிவையும் அவரே சேர்த்தார். வக்கீலுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்!

பக்கத்துக்கு 40 ரூபாய். பிரிண்ட் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒற்றுப்பிழை கிடையாது. மனுக் கட்டணத்துக்கான 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் நாமே வாங்கிப் போக வேண்டும்.