பழைய வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடி கல்: நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆத்தங்குடி கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமெண்டுத் தரை ஓடு. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அங்குள்ள பழைய வீடுகளின் தரைக்கு வார்த்த அதே முறையில் இன்றும் கல் கிடைப்பது லேசான விஷயமில்லை. ஆனால் நல்ல கல்லையும் பதிக்கிற விதத்தில் கெடுத்துவிடுகிறார்கள்.

இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் பூ அச்சு. அச்சுக்குள் வண்ண சிமெண்டுக் கூழை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சக் காய்ந்த சிமெண்டு மணல் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி. சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. பளபளப்பெல்லாம் கண்ணாடி தந்தது. தொட்டியில் கிடக்கும் நாள் குறைந்தால் ஓரம் பொரியும், நிறம் மாவாக உதிரும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்த அடுக்கை விட்டுவிடுங்கள்.

10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். உடைசலுக்கும் சேர்த்து 160 எடுங்கள். கைக்கலவை என்பதால் ஒவ்வொரு முறை வார்க்கும்போதும் நிறம் மாறும். ஒரே முறையில் வார்த்த கல்லாக வாங்கி, பல அடுக்கிலிருந்தும் கலந்து பதிப்பது நல்லது.

கனம் கல்லுக்குக் கல் கொஞ்சம் வேறுபடும். அதனால் மெல்லிய டைல் பசை சரிப்படாது. ஒன்றரை அங்குலக் கலவைப் படுகை போட்டு, கல்லை நனைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, அங்கேயே மட்டம் பிடித்துவிட வேண்டும். மேடு பள்ளத்தைப் பிறகு மெஷினால் தேய்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே இருப்பது மெல்லிய வண்ணப் படலம். தேய்த்தால் பளபளப்பு போனது போனதுதான்.

பெரிய சேதம் கல்லுக்கு அடியில் நடக்கிறது. பழைய சுண்ணாம்புத் தளத்தைப் பெயர்த்துவிட்டு சிமெண்டு கான்கிரீட் போட்டால், மேலே வர வழியில்லாத மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சில மழைக்காலத்திலேயே சுவரின் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) அடிப்பக்கம் உப்பிக் கழன்றுவிடும். சுண்ணாம்புத் தளம் உறுதியாக இருந்தால் தொடாதீர்கள். படுகைக்கும் சுண்ணாம்புக் கலவையே போடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். அதற்குப் பயந்து சீலர் என்ற ஈரத்தடுப்புப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் படலம் உரியும்.

முகப்பில் பத்துக் கல் உடைந்திருந்தால் நடுவில் புதுக்கல்லைச் செருகாதீர்கள், ஒட்டுப்போட்டது போல் தெரியும். இரண்டாம் கட்டிலிருந்து (வீட்டின் உள்பகுதியிலிருந்து) பழைய கல்லை எடுத்து முகப்புக்கு மாற்றி, புதியதை உள்ளே பதியுங்கள். சுண்ணாம்பில் பதித்த கல் உளியால் மெல்ல நெம்பினால் முழுசாக வந்துவிடும். சிமெண்டில் பதித்ததாக இருந்தால் பாதி உடையும்.

வானம் பார்த்த முற்றத்துக்குக் கருங்கல்லே சரி. அடுப்படிக்கும் யோசிக்க வேண்டும்: புளி, எலுமிச்சை, ஆசிட் எது பட்டாலும் சிமெண்டை அரிக்கும், அந்தத் தழும்பு போகாது. மற்ற அறைகளைத் துடைக்க வெறும் தண்ணீர் போதும். புதிதில் மட்டும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள்.