கூண்டு, வலை, சோலார் வேலி: காட்டோரத் தோட்டத்தில் கன்று காத்த அனுபவம்

கன்றைக் காப்பதற்கென்று விற்கப்படும் எந்தப் பொருளும் வாங்கிய மாதத்தில் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதனால் வாங்கிய சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகளை நான் நம்புவதில்லை. ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை, களை இடுப்பளவு நிற்கும் ஒரு கார்த்திகை, ஆள் கிடைக்காத ஒரு அறுவடைக் காலம், இத்தனையும் தாண்டிய பிறகு என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். எங்கள் தோட்டம் மேட்டுப்பாளையத்துக்கும் சிறுமுகைக்கும் இடையே, காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. புள்ளிமான், காட்டுப்பன்றி, முயல், முள்ளம்பன்றி, மயில் எல்லாம் உண்டு, யானையும் வரும். மா, நெல்லி, மலைவேம்பு, தென்னை, பாக்கு, வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி என்று எட்டு ஆண்டுகளாக வைத்து வளர்த்ததில் கண்டதை எழுதுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் வந்தது யார் என்று தெரிய வேண்டும். கடித்த இடத்தைக் குனிந்து பார்த்தால் போதும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கொழுந்தைப் பிடித்து இழுக்கும். கிழிந்த நுனியில் நார் தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் உளிப்பற்கள் இருப்பதால் கத்தியால் சீவியது போல் குச்சி சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. முள்ளம்பன்றி இரவில் வந்து அடிமரப் பட்டையைக் கரண்டும். அகலமான பல் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், கீழே சிராய் கிடக்கும். கன்று மண்ணோடு புரட்டப்பட்டிருந்தால் அது பன்றி. தென்னங்கன்றை அது தோண்டுவது அடியில் இருக்கும் தேங்காய்க்காக. ஓலையை அது சீண்டுவதே இல்லை. இதெல்லாம் தெரியாமல் பன்றி வரும் தோட்டத்தில் ஆறடி உயரத்துக்கு நிழல்வலை கட்டிவிட்டு ஏமாந்தவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

இத்தனை ஆண்டுகளில் என் நம்பிக்கையை ஒருமுறையும் கெடுக்காதது தனிக் கன்றுக்கான கம்பிவலைக் கூண்டுதான். துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய (ஜி.ஐ.) வெல்டு மெஷ்ஷில், அதாவது பற்றவைத்த கம்பிவலையில், பத்தடி நீளம் வெட்டி வளைத்தால் ஏறக்குறைய மூன்றடி அகலமுள்ள கூண்டு கிடைக்கும். பலர் காசை மிச்சப்படுத்த ஒன்றரை அடி அகலத்தில் வளைக்கிறார்கள். மான் மூக்கை உள்ளே நுழைத்து நாக்கால் வளைத்து எடுத்துவிடும். கிளை வெளியே நீண்டாலும் அவ்வளவுதான். உயரம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் புள்ளிமான் பின்னங்காலில் எழும்பி நின்று மேயும். எங்களிடம் முதலில் வாங்கிய வலையே இன்னும் ஓடுகிறது. ஒரு மாங்கன்று தலை தப்பியதும் அதே கூண்டைக் கழற்றி அடுத்த கன்றுக்குப் போட்டுவிடுகிறோம். மலிவாகக் கிடைக்கும் கோழிவலையோ இரண்டாவது மழைக்குள் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது.

கூண்டைவிட முக்கியம் அதைத் தாங்கும் குச்சி. மூங்கில் தப்பையைக் கரையான் ஓர் ஆண்டில் அரித்துவிடுகிறது. வெளியே உறுதியாகத் தெரியும். பன்றி ஒருமுறை உரசினால் கூண்டோடு கன்றும் சாயும். இப்போது ஒரு கூண்டுக்கு மூன்று இரும்புக் கம்பிகளை முக்கோணமாக அடித்து, வலையின் அடிப்பகுதியை அரையடி வெளிப்பக்கமாக மடித்து, அதன் மேல் மண்ணையும் கல்லையும் போடுகிறோம். தோண்ட வரும் பிராணி கூண்டுக்கு ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே வலை தட்டுப்படும். முயலுக்காக அடியிலிருந்து இரண்டடி வரை நெருக்கமான கண்ணுள்ள வலையை உள்பக்கம் சேர்த்துக் கட்டியிருக்கிறோம்.

பட்டை விஷயத்தில் அலட்சியம் கூடாது. இலை போனால் மீண்டும் துளிர்க்கும். பட்டை சுற்றிவர உரிந்துவிட்டால் இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. மேலே பச்சையாக இருக்கும்போதே மரம் செத்துக்கொண்டிருக்கும். முள்ளம்பன்றி கரண்டுவது ஒருபுறம் இருக்க, கொம்பு முற்றும் காலத்தில் ஆண்மான் அதன் மேல்தோலை உரிக்க, விரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள மரங்களைத்தான் தேடி உரசும். எங்கள் மலைவேம்பு வரிசையில் தின்னப்பட்டவற்றைவிட உரசப்பட்டே போனவை அதிகம். அடிமரத்துக்குச் சிறு கண் வலையைத் தளர்வாகச் சுற்றி வைப்பது பயன் தருகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துத் தளர்த்த வேண்டும். மறந்தால் கம்பி பட்டைக்குள் புதைந்து, முள்ளம்பன்றி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடுவோம்.

இணையத்தில் அழகாகத் தெரியும் பிளாஸ்டிக் கன்றுக் குழாயை ஒரு வரிசைக்கு வாங்கிப் போட்டோம். பிரிட்டனில் 1979-இல் கிரகாம் டூலி என்ற வனத்துறையாளர் தொடங்கிவைத்த முறை அது. குளிர்நாட்டில் குழாய்க்குள் தங்கும் கதகதப்பு கன்றைச் சீக்கிரம் வளர்க்கிறது. எங்கள் சித்திரை வெயிலில் அதே கதகதப்பு இலையை வேகவைத்தது. காற்றுத் துளை போட்ட குழாய்கள் சற்றுப் பரவாயில்லை. ஆனாலும் அடியில் எறும்பும் கரையானும் குடியேறின. சமவெளிக்கு இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாற்றத்தை வைத்து விரட்டும் வகைகளில் அழுகிய முட்டைக் கரைசல்தான் ஓரளவு கேட்டது, அதுவும் மானுக்கு மட்டும். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாக விடும் கொழுந்தில் மருந்து இருக்காது. மானுக்குப் பிடித்ததும் அந்தக் கொழுந்துதான். முடிதிருத்தகத்திலிருந்து மூட்டையாக முடி வாங்கி வரப்பில் தூவியதும் அப்படியே. காய்ந்த மண்ணில் முகர்ந்துகொண்டு வரும் பன்றிக்கு மூக்கில் ஏறும், நனைந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டால் ஒன்றுமில்லை. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டியபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "பன்றி சேலைக்குப் பழகும் வரைக்கும் பயன்படுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையைத் துணியில் முடிந்து தொங்கவிடும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த மருந்து 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பன்றியைவிட வேலை செய்பவருக்கும் கிணற்றுக்கும்தான் கேடு. அவுட்டுக்காய் என்ற தீனிக்குள் ஒளித்த நாட்டு வெடியை வைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே நா கூசுகிறது. பன்றிக்கென்று வைத்த வெடியைக் கடித்து வாய் சிதறிய யானைகள் தின்ன முடியாமல் பட்டினியில் சாகின்றன.

சோலார் வேலி நல்ல வேலி, ஆனால் வேலையாள் கேட்கும் வேலி. பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற துடிப்புக் கருவி வழியாக நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் 5,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு கணத் துடிப்பு கம்பியில் ஓடும். அடிக்கும், கொல்லாது. புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் தவறாமல் அடியில் செதுக்க வேண்டும். கோடையில் வேறு தொல்லை. மண் காய்ந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது, எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பன்றியின் உடம்பு மயிர் தடித்தது. மூக்கு பட்டால்தான் அதற்கு உறைக்கும். ஆகவே கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும், அங்கேதான் புல்லும் இருக்கிறது.

மேல்நிலைக் கம்பியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து வேலியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலி ஒன்றில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சோலார் வேலி போடுவதற்கும் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், பழைய வேலிகளையும் பதிவு செய்ய வேண்டும். கருவி விற்கும் கடையில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இவை எல்லாவற்றையும்விட மெதுவாக வந்து நிலைத்தது கிளுவை வேலி. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நிற்கிறதே, அதே முள்கிளுவை. போத்தை, அதாவது முற்றிய கிளைத் துண்டை, வெட்டி நட்டோம். இரண்டு ஆண்டுகள் வேலி என்று சொல்லவே முடியாது, மூன்றாம் ஆண்டில் கிளைகள் பின்னிக்கொண்டன. அடிப்பகுதி மட்டும் எப்போதும் அடர்த்தியில்லாமலே இருக்கும், பன்றி அங்கேதான் துளைக்கும். அந்த இடங்களில் இலந்தை முள்ளை வெட்டி அடைத்து, ஓரமாக ஆனைக்கற்றாழையும் வைத்திருக்கிறோம். முள்ளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கற்றாழைக்கு அந்தச் செலவும் இல்லை.

யானைக்கு எந்தக் கூண்டும் பொருட்டில்லை. காட்டை ஒட்டிய ஓரத்தில் வாழையும் பாக்கும் வைப்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவே. வீட்டு முன்புறம் இருந்த செம்பருத்தியை மான்கள் மொட்டோடு தின்று தீர்த்ததால் அங்கே அரளிக்கு மாறினோம். மாடு கட்டும் இடத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் அருகே அதை வைக்கக் கூடாது. முழுச் செடியும் நஞ்சு. செம்பருத்தி ஒன்றிரண்டு கூண்டுக்குள் இருக்கிறது, பூசைக்கு.

கூண்டை எப்போது எடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நுனிக்கிளை மானின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் பெரிய கூண்டைக் கழற்றலாம். அடிமரச் சுற்றுவலை மட்டும், தண்டு கை கொள்ளாத பருமன் ஆகும்வரை இருக்கட்டும். பட்டை தடித்து வெடிப்பு விட்ட மரத்தில் மானுக்குக் கொம்பு உரசும் ஆர்வம் குறைந்துவிடுகிறது. பாக்குக் கன்றுகளில் முள்ளம்பன்றித் தொல்லை எங்களுக்கு இன்னும் தீரவில்லை. வலையின் அடியை அரையடிக்குப் பதில் ஓரடி மடித்து வைத்த வரிசையில் இந்தக் கோடையில் சேதம் இல்லை. அடுத்த நடவில் எல்லா வரிசைக்கும் அப்படியே செய்யப்போகிறோம்.