அகழிக்கு அப்பால் என்ன? மூன்று கோட்டை அருங்காட்சியகங்கள்

தமிழ்நாட்டில் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் என்றதும் நினைவுக்கு வருபவை மூன்று: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை, வேலூர்க் கோட்டை, தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க். பீரங்கிகளின் எண்ணிக்கையையோ பீங்கான்களின் பளபளப்பையோ வைத்து இவற்றை ஒப்பிடப் போவதில்லை. மதிலுக்கு வெளியே வாழ்ந்த மக்களைப் பற்றி உள்ளே போய் வந்தவருக்கு என்ன தெரிகிறது? என் கேள்வி அவ்வளவுதான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் வழக்கமான வரிசை தலைகீழாகிறது.

சேகரிப்பின் கனத்தில் சென்னையை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கட்டடமே ஒரு காட்சிப்பொருள். 1795-இல் கட்டி முடிக்கப்பட்டு, வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் இடமாக இருந்தது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மாடியில்தான் எரிந்தது. 1948-இல் அருங்காட்சியகமானது, இப்போது இந்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. நாணயங்கள், வாள்கள், கம்பெனிக் காலத்துப் பீங்கான்கள், ஆளுநர்களும் ஆற்காட்டு நவாப்களும் நிற்கும் எண்ணெய் ஓவியங்கள் என்று அறைக்கு அறை ஏதாவது இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய பட்டுத் தேசியக் கொடியும் இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. அதற்காக மட்டுமே ஒருமுறை போகலாம்.

ஆனால் இந்தக் கோட்டை எதற்காக இங்கே எழுந்தது? துணிக்காக. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே இப்பகுதியில் பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான். நெசவாளர்களும் சாயக்காரர்களும் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். வெள்ளையர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தெருக்களின் மறைவில் நின்று கோட்டையை முற்றுகையிட்டார்கள். முற்றுகை விலகியபின், மதிலிலிருந்து சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று மதிலை ஒட்டிய வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர் வடக்கே தள்ளிப்போனது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அப்படிக் காலியான நிலத்தில்தான். சென்னை என்ற ஊர் உருவான கதை இது. அருங்காட்சியகத்தில் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களோ துரைமார்களும் தளபதிகளும். நெசவாளிகளின் சுவட்டைத் தேட வேண்டுமென்றால் சாலையைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குள் நடக்க வேண்டும்.

ஒரே ஒரு பொருளை மட்டும் இந்தக் குறையிலிருந்து விலக்கிவைக்கிறேன்: மைசூர்ப் போரில் திப்பு சுல்தானை வென்ற தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை. லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. எல்லாரும் அண்ணாந்து துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். குனிந்து பீடத்தைப் பார்க்க வேண்டும். 1792-இல் திப்புவின் இரண்டு மகன்கள், இன்னும் சிறுவர்கள், பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவன் சொல்லும் கதை அது. அவன் பெருந்தன்மைக்கு அவனே எழுதிக்கொண்ட நற்சான்று. அதன் அடுத்த அத்தியாயம் சென்னையில் இல்லை, வேலூரில் இருக்கிறது.

1799-இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். பீடத்தில் சிறுவர்களாக நிற்கும் அந்த இருவரும் இங்கே காவலில் இருந்தார்கள். 1806-இல் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. ஜூலை 10 அதிகாலையில் அவர்கள் எழுந்தார்கள். மைசூரின் புலிக்கொடி மதிலில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். சென்னைப் பீடத்தையும் வேலூர் மதிலையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது.

வேலூரில் முதலில் ஓர் எச்சரிக்கை: கோட்டைக்குள் அருங்காட்சியகம் ஒன்றல்ல, இரண்டு. தொல்லியல் துறையுடையது ஒன்று, மாநில அரசுடையது மற்றொன்று. நான் பேசுவது அரசு அருங்காட்சியகத்தைப் பற்றி. தொல்லியல், நாணயம், மானிடவியல் ஆகியவற்றோடு தாவரம், விலங்கு, பாறை என்று பள்ளிப் பாடநூலை அறை அறையாகப் பிரித்து வைத்தாற்போன்ற பழைய முறைதான். பாடம்செய்த விலங்குகளைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒரு வட்டாரம் என்பது அதன் அரசர்கள் மட்டுமில்லையே, அதன் பாறையும் காடும் சேர்ந்ததுதானே.

இதன் உண்மையான பலம் வேறு. ஒருங்கிணைந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கான அருங்காட்சியகம் இது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வெளியே வரைபடம் துண்டுதுண்டாகிக்கொண்டே போக, பாலாற்றிலிருந்து ஜவ்வாது மலை வரைக்குமான நிலத்தை இன்னும் முழுசாக நினைவில் வைத்திருக்கும் இடங்களில் இது ஒன்று. வேலூர் வட்டாரத்தில் கிடைத்த, கைப்பிடியில் இரட்டைக் கொம்பு போல் பிரியும் வெண்கல வாளுக்குக் கி.மு. 400 அளவில் காலம் கணித்திருக்கிறார்கள். பல்லவர் காலப் பிற்பகுதியிலிருந்து விஜயநகரக் காலம் வரையிலான கற்சிற்பங்கள் இருக்கின்றன. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் இருக்கிறது. 1815-இல் பிடிபட்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்துபோனவன் அவன். நாடிழந்த ஓர் அரசன் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் இந்த மதிலுக்குள் எப்படிப் பொழுதைக் கழித்தான் என்பதை அந்தப் பலகையைவிட நன்றாக எதுவும் சொல்லிவிட முடியாது. அவனுடைய கல்லறை பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை.

குறை இல்லாமலில்லை. 1806 நடந்த இடத்திலேயே நிற்கும் அருங்காட்சியகத்தில் அதற்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும். இருந்தாலும் கோட்டையே அதை ஈடுகட்டிவிடுகிறது. தண்ணீர் நிற்கும் அகழி, ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள், நீண்ட காலம் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981-இல் கருவறைக்குத் திரும்பிய லிங்கம் என்று பார்க்க நிறைய இருக்கிறது.

தரங்கம்பாடி மூன்றிலும் சிறியது, அழகில் முதலாவது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று ஓவ் கியெட்டே என்ற டேனியத் தளபதி கட்டத் தொடங்கிய கோட்டை. மிளகுக்காக வந்தவர்கள். 1845-இல் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு வெகுகாலம் அரசுப் பயணியர் விடுதியாகக் கிடந்து, மாநிலத் தொல்லியல் துறையிடம் வந்து அருங்காட்சியகமானது. பீங்கான் துண்டுகள், நாணயங்கள், பீரங்கிகள், ஆவணப் படிகள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முக்கியமானவை இங்கே இல்லை என்பதுதான் சிக்கல். டேனிய மன்னருக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஆனால் தரங்கம்பாடிக்கு ஒரு வசதி: ஊரே மிச்சத்தைச் சொல்லிவிடும். 1708-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவைச் சிறை வைத்தது இதே கோட்டையில்தான். அவர் அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டதும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும், நினைவு அருங்காட்சியகமாகிவிட்ட அவருடைய வீடும் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடும். கோட்டைக்கு மூன்று நூற்றாண்டு முந்தைய பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு அருகிலேயே நிற்கிறது. டேனியர் வருவதற்கு முன்பே இங்கே ஒரு பட்டினம் இருந்தது என்பதைக் கோட்டைக்குள் இருக்கும் எதையும்விட அந்தக் கோயில் உரக்கச் சொல்கிறது.

ஆகவே, ஒரு வட்டாரத்தை அருங்காட்சியகத்துக்குள்ளேயே அறிய வேண்டுமென்றால் என் தேர்வு வேலூர். ஊரோடு சேர்த்துப் பார்க்க ஒரு முழுநாள் ஒதுக்க முடிந்தவர்களுக்குத் தரங்கம்பாடி, கடற்காற்றும் கூடுதல். பொருள்களின் தரமும் கம்பெனி ஆட்சியின் உள்விவகாரமும் போதுமென்பவர்களுக்குச் சென்னை. தலைமைச் செயலகம் அதே வளாகத்தில் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சென்னையையும் வேலூரையும் சேர்த்துப் பார்ப்பதானால் சென்னையை முதலில் வையுங்கள், அந்தப் பீடத்துக்காக. மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.